பயிற்சி ஆப் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரிப்போர்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறோம். சமையல், அறை, வரவேற்பு எல்லாம் சேர்த்து 38 பேர், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. பத்து மாதமாக, மொபைலிலேயே பாடம் பார்த்துத் தேர்வு எழுதுகிற ஒரு ஆப்பைப் பணம் கட்டிப் பயன்படுத்துகிறோம். பாடம் ஏற்றுவது சுலபம், தமிழில் போடலாம், பழைய போனிலும் ஓடுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். நான் எழுத வந்தது ரிப்போர்ட்டைப் பற்றி.

முதல் மாத ரிப்போர்ட்டை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி எக்செல்லில் திறந்தால், தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கொக்கி கொக்கியாக ஏதோ குறிகள். கோப்பு தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லும் அடையாளத்தைக் கோப்பின் தொடக்கத்தில் இந்த ஆப் வைப்பதில்லை. அதனால் கோப்பை டபுள் கிளிக் செய்யாதீர்கள். எக்செல்லில் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அங்கேயே ஊழியர் எண் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 0047 வெறும் 47 ஆகி, சம்பளப் பட்டியலோடு ஒட்டவே ஒட்டாது. அப்புறம் நேரம். எங்கள் பலகாரப் பிரிவு ஆட்கள் பணியார மாவு கரைப்பதற்கு முன்னால், காலை ஐந்து மணிக்குத் தேர்வு எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் அது முந்தின நாள் இரவு 11.30 என்று வரும், ஏனென்றால் ஏற்றுமதியாவது யூடிசி எனும் உலகப் பொது நேரம், நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஒன்றாம் தேதி காலையில் எழுதியவர் போன மாதக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இதெல்லாம் ஒருமுறை பழகினால் சரியாகிவிடும். பெரிய சிக்கல், பிரிவு வாரியாகச் சராசரியைச் சுருக்கிக் காட்டும் மொத்தத் தாளில்தான் இருக்கிறது. ஒரு மாதம் சமையல் பிரிவுக்குச் சராசரி 92, பச்சை நிறம். அறைப் பிரிவுக்கு 71, மஞ்சள். அறைப் பிரிவு மேற்பார்வையாளர் அக்காவுக்கு முகமே வாடிவிட்டது. வரிவரியாக இறக்கிப் பார்த்தால், சமையலில் 12 பேரில் தேர்வு எழுதியது நான்கே பேர், எழுதாதவர்களின் கட்டம் காலி, காலிக் கட்டம் சராசரியில் சேராது. அறைப் பிரிவில் 14 பேரும் எழுதியிருந்தார்கள். இன்னொன்று, மொத்தத் தாள் ஒருவருடைய உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் காட்டும். முதல் தடவையே நூறு எடுத்தவரும், நிமிடத்துக்கு ஒன்றாக ஏழு தடவை அழுத்தி நூறு தொட்டவரும் அதில் ஒன்றுதான். வெளியில் வாங்கிய பாடங்கள் ஸ்கார்ம் 1.2 (பாடமும் ஆப்பும் தகவல் பரிமாற வைத்திருக்கும் ஒரு பழைய பொது முறை) முறையில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அதில் நிலையைச் சொல்ல ஒரே கட்டம்தான், 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' இரண்டும் அதற்குள்ளேயே வரும், இரண்டையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

இந்த ஆப்புக்கு நான் மனதாரப் பணம் கட்டுவது கேள்வி வாரியான ரிப்போர்ட்டுக்காக. ஆத்தங்குடித் தளம் பராமரிப்புப் பாடத்தில் ஐந்தாவது கேள்வியை 14 பேரில் 11 பேர் தவறாக எழுதியிருந்தார்கள், அதுவும் பதினொரு பேரும் ஒரே தவறான விடையை. இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தைத்தானே பார்க்க வேண்டும்? தளத்தை எதால் துடைக்க வேண்டும் என்பது கேள்வி, சரியான விடையாக நாங்கள் போட்டிருந்தது 'நடுநிலை அமிலத்தன்மை கொண்ட சோப்புக் கரைசல்'. அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத சோப்பு என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தோம். இருபது வருடமாக அந்தத் தளங்களைத் துடைத்து வரும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "அமிலம்னு போட்டிருக்கே தம்பி, ஆசிட் பட்டா கல்லு பொரிஞ்சு பூ மங்கிப் போயிருமே, அதை எப்படி நான் தொடுவேன்?" என்றார். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்தான், ஆசிட் அதை அரித்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள்தான் அந்தக் கேள்வியில் தோற்றிருக்கிறார்கள். 'ஆசிட் கலக்காத சோப்புத் தண்ணீர்' என்று மாற்றினேன், அடுத்த முறை ஒருவர்தான் தவறவிட்டார். மொத்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால் அந்த அக்காவை மறுபடி பாடம் பார்க்க உட்கார வைத்திருப்பேன், நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

எங்கள் முதலாளி ஐயா ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு) எழுதிய குடும்பத்தில் வந்தவர். பர்மா, மலாயா வட்டிக் கடைகளில் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி அருகில், உட்கார்ந்த பையன் அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்த நிலை), பிறகு கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்த கதைகளை நன்றாக அறிந்தவர். நிறமும் வட்ட வரைபடமும் அவருக்கு வேண்டாம். "இதில் யாரை அடுத்தாளாகப் போடலாம், அதைச் சொல்லு" என்பார். அதற்கு முதல் முயற்சி மதிப்பெண், எத்தனை முயற்சி, எந்தக் கேள்வியில் தவறு, இந்த மூன்று பத்தியை மட்டும் வைத்து ஒரு பக்கம் தயாரித்துக் கொடுக்கிறேன், பக்கத்தில் மேற்பார்வையாளர் நேரில் பார்த்து எழுதிய ஒரு வரி. ஆப்பில் 'செலவிட்ட நேரம்' என்றும் ஒரு பத்தி வரும். திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் அது ஓடும், அதை எடுத்துவிட்டேன்.

சமையல்காரர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: உணவுப் பாதுகாப்பு விதியில் உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும், அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சிச் சான்றிதழ்தான் செல்லும், ஆப் தருகிற சான்றிதழ் செல்லாது.

வாடிக்கையாளர் சேவை சுமார். தமிழ் எழுத்துப் பிரச்சினைக்கு மூன்று முறை எழுதினேன், வழியை மட்டும் சொன்னார்கள், இன்னும் சரி செய்யவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். டெமோ காட்ட வருகிறவரிடம், தமிழ்ப் பெயரோடு நான்கு பேரைச் சேர்த்து, ஒருவரைத் தேர்வு எழுதாமல் விட்டு, உங்கள் கண் முன்னாலேயே வரிவரி ரிப்போர்ட்டை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.