மஞ்சள் கேசட்டா, ஜப்பான் கேசட்டா, கேம் பாயா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் 90-களில் பள்ளிக்கூடம் போனவர்களில் சிலர் இப்போது பழைய வீடியோ கேம் கேசட் தேடி அலைகிறார்கள். கையில் இருப்பது கொஞ்சம் காசுதான் என்றால் எதைச் சேர்ப்பது? கடைத்தெருவில் விற்ற மஞ்சள் கேசட், ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் விற்ற டிவி கேம் பெட்டியான ஃபேமிகாமின் அசல் கேசட், அதே நிறுவனத்தின் கையடக்க கேம் பாய்க்கான கேசட் என்று மூன்று வகை கண்ணில் படும். என் ஓட்டு ஃபேமிகாமுக்கு.

மஞ்சள் கேசட்டில் ‘9999 இன் 1’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். லெவலை மாற்றி, பெயரை மாற்றிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் பலகையில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் பிசின் பொட்டு, அவ்வளவுதான். சிப் அதற்கடியில் புதைந்திருக்கிறது. அது போனால் போனதுதான். மறுவிற்பனைக்கு இதை நம்ப வேண்டாம். ஆனால் நம் ஊர் வீடுகளில் ஓடியது இதுதானே, ஆசைக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். காயலான் கடைக்காரர் ‘ஆன்டிக் சார்’ என்று ஆரம்பித்தால் நடையைக் கட்டுங்கள்.

ஃபேமிகாம் ஜப்பானில் 1983-இல் வந்தது. நம்மூர் டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் அதன் நகல்கள்; அதே 60 பின். அதனால் ஜப்பான் கேசட்டை நேரே செருகி ஆடலாம். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 பின், நடுவில் அடாப்டர் வேண்டும். ஆட்டம் ஒன்றே என்றாலும் நமக்கு அது வீண் செலவு.

விலை விஷயத்தில் பலர் ஏமாறுவது வயதைப் பார்த்துத்தான். பழசு என்பதற்காக எதுவும் விலை ஏறாது; கிடைப்பது அரிதாக இருக்க வேண்டும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் உலகமெங்கும் 4 கோடிப் பிரதிகள் விற்ற ஆட்டம். அட்டைப்பெட்டியில்லாத ஜப்பான் கேசட் ஒன்றும் அரிய பொருள் இல்லை. அதே ஆட்டம் அட்டைப்பெட்டி, கையேட்டோடு வந்தால் விலையே வேறு. 2021-இல் ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போன சூப்பர் மாரியோ 64 உறை பிரிக்காதது. அந்தக் கணக்கை உங்கள் பரணில் கிடக்கும் கேசட்டுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இங்கேதான் நம் டெல்டாவின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும், லேபிள் ஓரம் தூக்கிக்கொள்ளும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்று வேறு. கேசட்டின் அடியில் பெட்டிக்குள் செருகும் செம்புப் பல் பச்சை பூத்துவிடும். அதனால் நான் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில்லை, வெறும் கேசட்டே போதும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம். பல்லைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸ். வாயால் ஊதும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம்தான் உள்ளே போகிறது.

கேம் பாய் கேசட் கூத்தாநல்லூர் மாதிரி ஊர்களில், சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள், இருந்த வீடுகளில் தேடினால் கிடைக்கலாம். சின்னது, அழகானது. ஆனால் போலி மலிந்த வகையும் இதுதான், முக்கியமாகப் போக்கிமான். கேசட் திருகைக் கழற்றும் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனித் திருப்புளியால் திறந்து பார்க்காமல் பெரிய தொகை கொடுக்கக் கூடாது. அசல் பலகையில் நின்டென்டோ பெயர் அச்சாகியிருக்கும். போக்கிமான் கோல்டு, சில்வரில் கடிகாரமும் ஓடுவதால், ஆடிய இடத்தைச் சேமித்து (சேவ்) வைக்கும் உள் பேட்டரி சீக்கிரம் தீரும். மாற்றலாம், சாலிடர் வேலை. மாற்றும்போது பழைய சேவ் அழிந்துவிடும். ‘சேவ் ஆகுதா?’ என்று கேட்காமல் விலை பேசாதீர்கள்.

ஃபேமிகாம் கேசட்டை ஜப்பானிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் நண்பர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்குங்கள். ஒவ்வொன்றாக வாங்கினால் தபால் செலவும் சுங்க வரியும் கேசட் விலையைத் தாண்டிவிடும்.