பழைய பைக்குக்குப் புது சஸ்பென்ஷன்: ஃபோர்க்கையே மாற்றுவதா, உள்ளே இருப்பதை மட்டுமா?

பழைய பைக்கின் எஞ்சின் இன்னும் நன்றாகத்தான் இழுக்கும். ஆனால் பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்கைக் குத்தும், வளைவில் ஒரு பள்ளம் வந்தால் வண்டி முழுக்க ஆடும். இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, புது மாடல் ஸ்போர்ட்ஸ் பைக்கின் யூ.எஸ்.டி. ஃபோர்க்கை (பருமனான பகுதி மேலே வரும்படி தலைகீழாக நிற்கும் முன்பக்க சஸ்பென்ஷன் குழாய்கள்) வாங்கி மாட்டிவிடலாம் என்பதுதான். தங்க நிறத்தில் பருமனான குழாய்கள், இரட்டை டிஸ்க், ரேடியல் காலிப்பர். ஆசைப்படுவதில் தப்பில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்தில் பழைய ஃபோர்க்கை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவதுதான் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. பின்பக்கத்தில் அப்படியே தலைகீழ்: புது மாடலின் ஷாக் பொருந்துமென்றால் அதைவிட நல்ல வழி கிடைப்பது கஷ்டம். ஏன் இந்த வித்தியாசம் என்பதைப் பார்ப்போம்.

பழைய ஃபோர்க்கில் என்ன குறை?

பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது டாம்பர் ராட் வகை ஃபோர்க். ஒரு குழாயில் சில ஓட்டைகள், அவற்றின் வழியாக ஆயில் பிதுங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஓட்டையின் அளவு மாறாது என்பதுதான் பிரச்சினை. சிரிஞ்சில் தண்ணீரை மெதுவாக அழுத்தினால் சுலபமாக வருகிறது, ஒரேயடியாகக் குத்தினால் கட்டைவிரல் வலிக்கிறது இல்லையா, அதேதான் இங்கேயும். ஃபோர்க் அழுங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் மெதுவான அசைவுக்கு டாம்பிங் (அசைவை அடக்கும் எதிர்ப்பு) போதவே போதாது. கூர்மையான பள்ளத்தில் சக்கரம் விழும்போதோ ஆயில் போக வழியில்லாமல் ஃபோர்க் இறுகிக் கைக்கு அடிக்கும். ஒரே ஃபோர்க் தொளதொளவென்றும் கல் மாதிரியும் இருப்பது இதனால்தான்.

கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் ஓட்டைகளின் மேல் மெல்லிய ஷிம் தகடுகள் அடுக்கியிருக்கும். ஆயில் வேகமாக வந்தால் தகடு வளைந்து வழிவிடும். மெதுவான அசைவுக்கு இறுக்கம், திடீர் அடிக்கு நெகிழ்வு என இரண்டும் கிடைக்கும். புது ஃபோர்க் உண்மையில் நன்றாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தகடுகள். தலைகீழாக நிற்கும் குழாய்க்கு அதில் சின்னப் பங்குதான். பருமனான பகுதி மேலே, ஃபோர்க்கை வண்டியோடு பிணைக்கும் கிளாம்பில் பிடிபடுவதால் வளைவு குறைகிறது, கடினமான பிரேக்கிங்கில் அது தெரியும். ஆனால் மெல்லிய குழாய்களால் ஆன பழைய சேஸிஸில் அந்த விறைப்பை மாட்டினால் வளைவது இடம் மாறும். ஃபோர்க்குக்குப் பதிலாக ஸ்டீயரிங் தலைப்பகுதி முறுக்கும்.

வழி ஒன்று: முன்பக்கத்தை மொத்தமாக மாற்றுவது

ஃபோர்க், கிளாம்ப், சக்கரம், ஆக்ஸில், டிஸ்க், காலிப்பர் எல்லாம் ஒரே டோனர் வண்டியிலிருந்து, அதாவது பாகங்களைக் கொடுக்கும் வண்டியிலிருந்து, வரும். தனித்தனியாகப் பொறுக்குவதைவிட இது நல்லது. சக்கரத்துக்கும் காலிப்பருக்கும் இடையே ஸ்பேசர் கடைய வேண்டியதில்லை.

பொருத்துவதில் எல்லோரும் பயப்படுவது ஸ்டீயரிங் ஸ்டெம்மைப் (கிளாம்பைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டு) பார்த்து. அதுதான் இருப்பதிலேயே சுலபம். விட்டம் ஒத்துப்போகும் கன்வெர்ஷன் பேரிங் கிடைக்கும், இல்லையென்றால் பழைய ஸ்டெம்மைப் புது கிளாம்பில் அழுத்திப் பொருத்தலாம். பலரும் கண்டுகொள்ளாத இடம் ஜியோமெட்ரி.

ஸ்டீயரிங் அச்சை நேர்கோடாகத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். வண்டி நேராகப் போக விரும்புவது இதனால். இதைத் தீர்மானிப்பவை மூன்று: செங்குத்திலிருந்து ஸ்டீயரிங் அச்சின் சாய்வு, சக்கரத்தின் ஆரம், கிளாம்பின் ஆஃப்செட். ஸ்டீயரிங் அச்சிலிருந்து ஃபோர்க் எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்பதுதான் ஆஃப்செட்.

ஒரு மாதிரிக் கணக்கு. 19 அங்குல முன்சக்கரம், 100/90 டயர், 27 டிகிரி சாய்வு, 60 மி.மீ. ஆஃப்செட் உள்ள பழைய வண்டி. அதன் ட்ரெயில் சுமார் 101 மி.மீ. இதில் 30 மி.மீ. ஆஃப்செட் உள்ள ஸ்போர்ட்ஸ் பைக் கிளாம்பை மாட்டி, அழகுக்காகப் பழைய 19 அங்குலச் சக்கரத்தையே வைத்து, உயரத்தையும் மாற்றாமல் விட்டால் ட்ரெயில் 135 மி.மீ. ஆகிவிடும். நெரிசலில் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சரி, டோனரின் 17 அங்குலச் சக்கரத்தையும் 120/70 டயரையும் போடுவோம். ஆரம் சுமார் 31 மி.மீ. குறைகிறது. ஸ்போர்ட்ஸ் பைக் ஃபோர்க் நீளத்திலும் குட்டையாக இருக்கும், இன்னொரு 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, முன்பக்கம் 60 மி.மீ. தாழ்கிறது. 1400 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியில் அது சாய்வை ஏறத்தாழ 2.5 டிகிரி நிமிர்த்தும். இப்போது ட்ரெயில் 104 மி.மீ. ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்! ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிட்டது. கணக்கே போடாமல் மாட்டிவிட்டு "அருமையாக ஓடுகிறது" என்று சொல்பவர்களின் அதிர்ஷ்டம் பல சமயம் இதுதான்.

ஆனால் தாழ்ந்த 60 மி.மீ. சும்மா விடாது. சைலன்சரும் சென்டர் ஸ்டாண்டும் தரைக்கு நெருங்கும். ஃபோர்க் முழுக்க அழுங்கும்போது டயரோ மட்கார்டோ எக்ஸாஸ்ட் குழாயில், ரேடியேட்டரில், கீழ் கிளாம்பில் இடிக்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கை அடிமட்டம்வரை இறக்கி இதைப் பார்த்தே ஆக வேண்டும். முன்பக்கத்தை மறுபடி பழைய உயரத்துக்கு ஏற்றினால் சாய்வு 27-க்குத் திரும்பும், ட்ரெயில் 119 மி.மீ. ஆகும். அது மோசமில்லை, ஆனால் திரும்புவதற்குச் சோம்பலான வண்டி.

இதற்கப்புறம் வருபவை சில்லறைத் தொல்லைகள். பருமனான மேல்குழாய்கள் டேங்கில் இடிக்காதபடி ஸ்டீயரிங் ஸ்டாப் வைக்க வேண்டும், திருப்பும் கோணம் குறையும். ஸ்பீடோமீட்டருக்குச் சென்சார் ஏற்பாடு வேண்டும். இரட்டை காலிப்பருக்குப் பொருத்தமான மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். ஹெட்லைட்டுக்குப் பிராக்கெட் வேண்டும். யூ.எஸ்.டி. ஃபோர்க்கில் ஆயில் சீல் கீழே இருப்பதால், அது கிழிந்தால் ஆயில் இறங்குவது நேராக டிஸ்க்கின் பக்கம்தான்.

அப்புறம் ஸ்பிரிங். டோனரின் ஸ்பிரிங் டோனரின் எடைக்கானது. கனமான லிட்டர் பைக்கின் ஃபோர்க்கை 130 கிலோ வண்டியில் மாட்டினால் அது பாதி தூரம்கூட அசையாது. இலகுவான பழைய வண்டிக்கு, 43 மி.மீ. டபிள்யூ.பி. ஃபோர்க் உள்ள கே.டி.எம். 390 டியூக் மாதிரி எடை குறைந்த டோனர்தான் பொருத்தம்.

இந்த வழி பிரமாதமாக வேலை செய்யும் வண்டிகளும் இருக்கின்றன. 1999-இல் வந்த சுசூகி எஸ்.வி.650 நல்ல உதாரணம். அதன் 41 மி.மீ. டாம்பர் ராட் ஃபோர்க்தான் பலவீனம். ஜி.எஸ்.எக்ஸ்-ஆர் வரிசையின் முன்பக்கத்தை அதில் மாட்டுவது வெகு காலமாக நடக்கிறது. ஏன் ஒத்துப்போகிறது? இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டிலும் 17 அங்குலச் சக்கரம், எடையும் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்று, சேஸிஸும் அலுமினியத்தில் விறைப்பாக இருக்கும். அதாவது, அந்த மாற்றத்துக்கு வண்டி ஏற்கெனவே பாதி தயாராக இருந்தது. எழுபதுகளின் இரும்புச் சேஸிஸ் வண்டிக்காரர் அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது.

வழி இரண்டு: வெளியே பழசு, உள்ளே புதுசு

இதிலேயே மூன்று படிகள் உண்டு. முதல் படி, உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் புது ஆயிலும். பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், அதை மறைக்க ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) ஏற்றி வைத்திருப்பார்கள். ப்ரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டியின் உயரம்தான் கூடும். ஆள் ஏறி உட்காரும்போது 120 மி.மீ. அசைவுள்ள ஃபோர்க் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்க வேண்டும். அந்த அளவு சரியாக வந்துவிட்டாலே மூக்குக் குத்தல் பாதி அடங்கும்.

இரண்டாம் படி, எமுலேட்டர். டாம்பர் ராடின் தலையில் உட்காரும் ஒரு சின்ன வால்வு. ராடில் உள்ள கம்ப்ரெஷன் ஓட்டைகளை (ஃபோர்க் அழுங்கும்போது ஆயில் போகும் ஓட்டைகள்) பெரிதாக்கிவிட்டால் அவை ஆயிலைத் தடுப்பதை நிறுத்திவிடும், அந்த வேலையை வால்வு எடுத்துக்கொள்ளும். கார்ட்ரிட்ஜின் குணத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ரீபவுண்ட், அதாவது அழுங்கிய ஃபோர்க் திரும்பி எழுவது, மட்டும் பழையபடி ஆயிலின் கெட்டித்தன்மையை நம்பித்தான். செட்டிங் மாற்ற வேண்டுமென்றால் வால்வை வெளியே எடுக்க வேண்டும், அது கொஞ்சம் எரிச்சல். வால்வின் உயரம் அளவுக்கு ஸ்பேசரைக் குட்டையாக்க மறந்தால் ப்ரீலோட் தானாக ஏறிவிடும். ஆயில் விஷயத்திலும் கவனம் வேண்டும்: டப்பாவில் உள்ள 10டபிள்யூ, 15டபிள்யூ என்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, பழைய குழாய்க்குள் முழு கார்ட்ரிட்ஜ் கிட். எல்லா வண்டிக்கும் கிடைக்காது. கிடைத்தால் ரீபவுண்ட், கம்ப்ரெஷன் இரண்டையும் வெளியிலிருந்தே திருகலாம்.

இந்த மூன்றிலும் சாய்வு, ட்ரெயில், சக்கரம், பிரேக், ஸ்பீடோமீட்டர் எதையும் தொடுவதில்லை. பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிவிடலாம். வண்டியின் முகமும் மாறாது. மாற்றத்துக்கு முறையான அனுமதி கேட்கும் நாடுகளிலும் இதில் தலைவலி குறைவு.

இடைவழி ஒன்று

அதே விட்டத்தில் பிந்தைய மாடலின் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் கிடைத்தால் அதைப் பழைய கிளாம்பிலேயே மாட்டலாம். ஹோண்டா சி.பி.ஆர்.600எஃப்3-இன் 41 மி.மீ. ஃபோர்க் இந்த வகைக்கு உதவும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆக்ஸில் விட்டம் மாறும், காலிப்பர் போல்ட்டுகளின் இடைவெளி மாறும், பழைய சக்கரத்துக்கு ஸ்பேசர் கடைய வேண்டும். நல்ல லேத் ஆள் பழக்கத்தில் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் எமுலேட்டரே போதும்.

பின்பக்கம் ஏன் வேறு கதை?

பழைய மோனோஷாக்கை (பின்பக்கத்து ஒற்றை ஷாக்) திறந்து சரி செய்வதே சிரமம். பல கம்பெனி ஷாக்குகளைத் திறக்கவே முடியாதபடி அடைத்திருப்பார்கள், உள்ளே இருக்கும் நைட்ரஜனும் வருடக்கணக்கில் கசிந்திருக்கும். முன்பக்கம் போல உள்ளே மட்டும் மாற்றும் வழி இங்கே எளிதில் இல்லை. அதே சமயம் ஷாக் என்பது இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் தனிப் பொருள். ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவுடனே விலையுயர்ந்த ஷாக்குக்கு மாறுபவர்கள் நிறைய, அதனால் அதிகம் ஓடாத கம்பெனி ஷாக்குகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும். எஸ்.வி.650-இல் ஜி.எஸ்.எக்ஸ்-ஆர் ஷாக்கும் காவாசாகி இசட்.எக்ஸ் வரிசை ஷாக்கும் ஏறியது இப்படித்தான்.

வாங்கும் முன் நான்கு அளவு வேண்டும்: ஓட்டைக்கு ஓட்டை நீளம், ஸ்ட்ரோக் (ஷாக் அழுங்கும் தூரம்), புஷ்ஷின் உள்விட்டமும் அகலமும், கீழ்முனை கண்ணா கவட்டையா என்பது. தனி ஆயில் டப்பி ஷாக்கோடு ஒட்டியிருந்தால் அது பேட்டரிப் பெட்டியில் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். நீளத்தில் 10 மி.மீ. வித்தியாசம் கம்மியாகத் தோன்றும். லிங்கேஜ் விகிதம் (ஷாக் 1 மி.மீ. அசைய சக்கரம் எத்தனை மி.மீ. அசைகிறது என்பது) 2 என்றால் அது சக்கரத்தில் 20 மி.மீ., சாய்வில் சுமார் 0.8 டிகிரி.

ஸ்பிரிங்கின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சக்கரத்தில் உணரும் கடினம், அந்த எண்ணை லிங்கேஜ் விகிதத்தின் இருமடியால் வகுத்தால் வருவது. மில்லிமீட்டருக்கு 90 நியூட்டன் ஸ்பிரிங் விகிதம் 2 உள்ள வண்டியில் 22.5 ஆகும், 2.5 உள்ளதில் வெறும் 14.4. டோனரில் கல் மாதிரி இருந்த ஷாக் உங்கள் வண்டியில் ஊஞ்சலாக ஆடுவது இதனால்தான். நல்லவேளை, ஸ்பிரிங்கைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். இரட்டை ஷாக் வண்டிக்காரர்கள் மோனோஷாக்குக்கு மாற வெல்டிங் பக்கம் போக வேண்டாம். அதற்கென்று வடிவமைக்காத சேஸிஸில் அந்தப் பளு போய் விழும் இடம் சரியாக இருக்காது. நீளமும் புஷ்ஷும் ஒத்துப்போகும் புது மாடலின் இரட்டை ஷாக்கே போதும்.

முழு மாற்றத்துக்கு நானும் சரி சொல்லும் நேரம்

ஃபோர்க் குழாய் வளைந்து, பழைய உதிரி கிடைக்காமல், பிரேக்கும் டிரம்மாக இருந்தால் முன்பக்கத்தை மொத்தமாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. எப்படியும் எல்லாம் வாங்கத்தான் போகிறீர்கள். அப்போதும் கோன் செட்டையும் (ஸ்டீயரிங் பேரிங்) ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் முதலில் புதிதாக்கிவிட்டு வண்டியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆட்டத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். டோனர் ஃபோர்க் வாங்கும்போது அக்குழாய்களைத் தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், சீல் உரசும் பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற கீறல் இருந்தால், எந்தப் புது சீல் போட்டாலும் ஆயில் ஒழுகத்தான் செய்யும்.