டமாக்சிஃபெனா, லெட்ரோசோலா: இரண்டையும் விழுங்கியவளின் கணக்கு

“மார்பையே எடுத்தாயிற்றே, இனி எங்கிருந்து வரப்போகிறது?” 2021இல் மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து வீடு திரும்பியபோது, ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். வரும். தழும்பை ஒட்டிய தோலில், அக்குளில் வரலாம். அறுவைக்கு முன்பே கிளம்பிப் போன செல்கள் எலும்பிலோ ஈரலிலோ நுரையீரலிலோ வருடக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டுத் தலைதூக்கலாம். என்னுடையது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நம்பி வளரும் வகை. அந்தத் தீனியைத் தடுக்கத்தான் தினம் ஒரு மாத்திரை.

முதல் இரண்டு ஆண்டுகள் டமாக்சிஃபென் விழுங்கினேன், அதன்பின் லெட்ரோசோல். என் ஓட்டு லெட்ரோசோலுக்குத்தான்.

டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாவதையே முடக்குகிறது; ஆனால் சினைப்பை ஓய்ந்த பிறகுதான் அதன் பாச்சா பலிக்கும். அறுவையின்போது எனக்கு 51 வயது, மாதவிடாய் முழுதாக நின்றிருக்கவில்லை. அதனால் டமாக்சிஃபெனில் தொடங்கி, நின்றது ரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகு மாறினேன். இரண்டுமே நாளுக்கு ஒன்று. இரண்டிலும் நடுராத்திரியில் உடல் கொதித்து ரவிக்கை நனையும். அதில் வித்தியாசம் பார்க்க ஒன்றுமில்லை.

வித்தியாசம் நோய் திரும்புவதில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற சுமார் 32,000 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2015இல் ‘லான்செட்’ இதழில் ஓர் அலசல் வந்தது. ஐந்தாண்டு டமாக்சிஃபென் எடுத்தவர்களில் பத்தாண்டுக்குள் நோய் திரும்பியது 22.7 சதவீதம் பேருக்கு. லெட்ரோசோல் வகை மாத்திரைகளில் 19.1. டமாக்சிஃபெனில் அரிதாக வரும் கருப்பை உட்படலப் புற்றும் இதில் குறைவு. இடையில் மாறிய எனக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்குக் காட்டியது இதுதான்.

இதற்கு எலும்பு வழியாக விலை கொடுக்க வேண்டும். அதே அலசலில் ஐந்தாண்டுக்குள் எலும்பு முறிந்தவர்கள் லெட்ரோசோல் வகையில் 8.2 சதவீதம், டமாக்சிஃபெனில் 5.5. எனக்கு முறியவில்லை, விறைத்தது. மாறிய மூன்றாம் மாதம், காலையில் விரல்களை மடக்கவே முடியவில்லை. மாவு டப்பாவின் மூடியைத் திறக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. எழுந்து கொஞ்சம் நடமாடி, வெந்நீரில் கையை வைத்திருந்தால் ஏழு மணிக்குள் விரல்கள் வழிக்கு வரும். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று இந்த இடத்தில்தான் பலருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. தினமும் நடக்கத் தொடங்கிய பிறகு பாதி குறைந்தது.

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் மாறும்போது மைனஸ் 1.4 இருந்தது, ஓராண்டில் மைனஸ் 1.9 ஆனது. மைனஸ் 2.5ஐத் தொட்டால் எலும்புப்புரை. டாக்டர் கால்சியம், வைட்டமின் டியோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமில டிரிப் எழுதினார். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து வரச் சொன்னார். அரிதாகத் தாடை எலும்பைப் பாதிக்குமாம், ஆட்டம் கண்ட பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும். எனக்கு ஒரு கடைவாய்ப்பல் போயிற்று. முதல் டிரிப்புக்கு இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும், அடுத்ததற்கு ஒன்றுமில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த மருந்து, புற்று எலும்பில் போய்க் குடியேறுவதையும் ஓரளவு தடுக்கிறது. எலும்பைப் பேணுகிற செலவே நோய்க்கும் காவலாகிறது என்று தெரிந்த அன்றுதான் என் மனம் முழுதாக லெட்ரோசோல் பக்கம் வந்தது.

இளம்பெண்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. சினைப்பையை ஊசி போட்டு அடக்கிவிட்டு லெட்ரோசோல் வகை கொடுப்பதும் உண்டு; அதை நான் அனுபவித்ததில்லை. ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்குத் தராசு லெட்ரோசோல் பக்கமே இன்னும் சாயலாம்; ஏற்கனவே எலும்பு மெலிந்தவர்களுக்கு வேறு பக்கம் சாயலாம். என் இரண்டாண்டு டமாக்சிஃபென் அனுபவத்தில் பெரிய தொல்லை இருந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம் அடுத்த டெக்ஸா. போன முறை மைனஸ் 1.7க்கு ஏறியிருந்தது. மாத்திரை விழுங்கியதும் தினசரிக் காலண்டர் தாளைக் கிழிப்பது என் வழக்கம். கிழிக்காமல் இருந்தால் பேரன் குரல் கொடுப்பான்.