ரிமோட்டில் இருக்கும்போது கம்ப்யூட்டர் தூங்காமல் இருக்க: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

நாகர்கோவில் வீட்டில் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, திருவனந்தபுரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைபவர்கள் பெரும்பாலும் பவர் ஆப்ஷன்ஸில் 'ப்ளக்டு இன்' ஸ்லீப்பை மட்டும் 'நெவர்' ஆக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கரண்ட் இருக்கும்வரை அது போதும்.

யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைச் சொருகியிருந்தால் விண்டோஸ் அதை பேட்டரியாகவே எடுத்துக்கொள்ளும். கரண்ட் போன நொடியில் 'ஆன் பேட்டரி' கணக்கு தொடங்கிவிடும். அங்கே 15 நிமிடம் என்றிருந்தால், யுபிஎஸ்ஸில் சார்ஜ் மிச்சமிருந்தும் மெஷின் படுத்துவிடும்; கரண்ட் வந்தாலும் தானாக எழாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் அடிக்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. பவர்சிஎஃப்ஜி (powercfg, விண்டோஸின் பவர் அமைப்புகளை மாற்றும் கமாண்ட்) கொண்டு ஸ்டேண்ட்பை டைம்அவுட்டை, அதாவது தூங்கும் முன் காத்திருக்கும் நேரத்தை, ஏசி (கரண்ட்), டிசி (பேட்டரி) இரண்டுக்கும் 0 ஆக்குங்கள்; 0 என்றால் தூங்கவே தூங்காது. சார்ஜ் தீரும் தருவாயில் என்ன செய்வது என்று சொல்லும் 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்ஷன்' ஷட்டவுனில் இருக்கட்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பு) மின்சாரம் திரும்பியதும் 'பவர் ஆன்' என வையுங்கள். ஒரு இடுக்கு உண்டு: மெஷின் ஷட்டவுன் ஆகி, யுபிஎஸ் சாகும் முன்பே கரண்ட் வந்துவிட்டால், பயாஸைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அப்போது நெட்வொர்க் வழியே மெஷினை எழுப்பும் 'வேக் ஆன் லேன்'தான் கை கொடுக்கும். ஷட்டவுனிலிருந்து அல்லாமல் ஸ்லீப்பிலிருந்து அப்படி எழுப்பிய மெஷின் என்றால், யாரும் நுழையாவிட்டால் 2 நிமிடத்தில் மறுபடி தூங்கிவிடும். பவர் ஆப்ஷன்ஸில் மறைந்திருக்கும் 'அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட்' வேலை அது.

ரிமோட் மென்பொருள் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மெஷினைத் தூங்கவிடாதே என்று விண்டோஸிடம் கேட்கும் 'செட் திரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட்' கோரிக்கை, அதை அழைத்த திரெட்டோடு (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) ஒட்டியது. பல வேலைகளுக்கு மாறிமாறிப் பயன்படும் திரெட்பூலில் அழைத்தால் அந்த திரெட் முடிந்ததும் கோரிக்கையும் போய்விடும். செஷன் முழுக்க உயிரோடிருக்கும் திரெட்டில் அழையுங்கள். அழைக்கும்போது 'கன்டினியூவஸ்' கொடி (தொடர்ந்து நீடிக்கச் சொல்லும் குறி) இல்லாவிட்டால், சும்மா இருக்கும் நேரத்தை எண்ணும் ஐடில் டைமர் ஒருமுறை மட்டும் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். திரையை அணையவிடாத 'டிஸ்ப்ளே ரிக்வயர்டு' கொடி எதற்கு? யாரும் பார்க்காத மானிட்டர் ராத்திரி முழுக்க எரியத்தான். புதிதாக எழுதுவதென்றால், இதே கோரிக்கையை வைக்கும் இன்னொரு வழியான 'பவர் கிரியேட் ரிக்வெஸ்ட்' நல்லது. காரணத்தையும் எழுதி வைக்கலாம், பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸ் பட்டியலில் அது அப்படியே தெரியும். செஷன் முடிந்த பிறகும் அந்த வரி அங்கே நின்றால் விடுவிக்க மறந்திருக்கிறார்கள்.

லேப்டாப்பை மட்டும் இதில் நம்ப வேண்டாம். தூக்கத்திலும் போனைப் போல லேசாக விழித்திருக்கும் 'மாடர்ன் ஸ்டேண்ட்பை' மாடல்களில், பேட்டரியில் ஓடும்போது, ஸ்லீப் நேரம் கடந்து 5 நிமிடத்தில் இந்தக் கோரிக்கையை விண்டோஸே தள்ளிவிடும். மூடியை மூடினால் தூங்கும்படி வைத்திருந்தால், மூடியதும் இந்தக் கோரிக்கை எடுபடாது.