புது வீட்டு லான் காய்கிறதா? மறுபடி பதிப்பதா, வேறு வழி பார்ப்பதா?

புது வீட்டில் லான் பட்டுப்போனால், சரியாகத் தண்ணீர் விடவில்லை என்று வீட்டுக்காரர் மேல்தான் முதலில் பழி விழும். பெரும்பாலும் கோளாறு மண்ணில் இருக்கிறது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துத் தனி வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலை முடிந்ததும் செங்கல் துண்டு, மிஞ்சிய சிமெண்ட் கலவை எல்லாம் அங்கேயே பரப்பப்படும். ஜேசிபியும் லாரியும் ஏறி இறுகிய அந்தத் தரைமேல் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் கொட்டி, கார்பெட் புல்லை விரித்துவிடுவார்கள். கூடவே வந்த மண்ணின் சத்தில் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும். அப்புறம் வேர் இறங்க இடம் கிடைக்காது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இலை மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை.

எந்த வழிக்குப் போவதானாலும் முதலில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் கீழே மண் இறுகிக் கிடக்கிறது. மண்ணையும் போர் தண்ணீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதிப்பதும் அவசியம். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரின் உப்பே புல்லைக் கொன்றுவிடும்.

பலரும் முதலில் யோசிப்பது, காய்ந்ததை உரித்துவிட்டு அதே மெக்சிகன் புல்லையோ கொரியன் புல்லையோ மறுபடி பதிப்பதைத்தான். பார்க்க இதைவிட அழகான லான் இல்லை, உண்மை. ஆனால் அடி மண்ணை அப்படியே விட்டு மேலே மட்டும் மாற்றினால், போட்ட பணம் முழுவதும் வீண். தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. 500 சதுர அடி என்றால் சுமார் 46 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் அளவு பாய்ச்சினாலே 230 லிட்டர் ஆகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 7,000 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நின்ற ஊரில், இந்தச் செலவு எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அருகம்புல் இந்த வெயிலுக்கும் கொஞ்சம் உப்புக்கும் தாங்கும். குழந்தைகள் ஓடி விளையாடினாலும், தண்ணீர் இல்லாமல் பழுத்துப்போனாலும், ஒரு மழைக்கு மறுபடி துளிர்க்கும். நாள் முழுக்க வெயில் விழும் இடம்தான் இதற்கு வேண்டும். மதில் நிழலிலும் மாமரத்தடியிலும் வைத்தால் மெலிந்துவிடும். அந்த இடங்களுக்கு அகல இலை கொண்ட எருமைப்புல் பரவாயில்லை. அருகு பூச்செடிப் பாத்திக்குள்ளும் ஓடும் என்பதால் ஓரத்தில் கல் பதித்து வரம்பு கட்டுங்கள்.

பொடுதலையை நர்சரிகளில் கேட்டால் பலர் களை என்பார்கள். வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் தரையோடு படர்கிற அதே செடிதான். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிப்போமே, அதுதான். இதன் கணுக்கள் மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். உப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், உயரமாக வளராததால் வெட்டும் வேலையும் குறைவு. சின்னப் பூக்களுக்குத் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் வரும். வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகள் இருந்தால் இந்தத் தேனீயை யோசித்துக்கொள்ள வேண்டும். பந்து விளையாடும் மிதியையும் இது தாங்காது. மற்றபடி, காசு கொடுத்து வாங்கும் பல வெளிநாட்டுப் புல்லைவிட நம் மண்ணுக்கு இது பொருத்தம்.

செயற்கைப் புல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும், சில ஆண்டுகளில் நைந்து குப்பையாகும். முழுக்கப் பேவர் கல் பதிப்பதும் வேண்டாம். மழைநீர் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலத்தில், பெய்கிற மழையை முற்றத்தில் இறங்கவிடாமல் தெருவுக்குத் தள்ளுவது அநியாயம்.

என்னைக் கேட்டால், லானின் பரப்பைப் பாதியாக்கிவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் வெயில் பகுதியில் அருகு, காலடி குறைவாகப் படும் இடங்களில் பொடுதலை, மதிலோரம் ஒரு புங்கையோ நெல்லியோ. நடுவதற்கு முன் முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, கட்டட இடிபாட்டைப் பொறுக்கி வெளியேற்றி, நன்றாக மக்கிய தொழு உரம் கலக்க வேண்டும். மக்காத எருவில் களை விதை வரும். கோரையைப் பிடுங்கினால் மட்டும் போகாது, கிழங்கோடு தோண்டி எடுங்கள். சோதனையில் மண்ணில் சோடியம் அதிகம் என்று வந்தால் பரிசோதனை நிலையத்தில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போடுங்கள்.

இந்த வேலையை ஆவணியில் தொடங்கினால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். தண்ணீர் இறங்க வழி செய்திருந்தால், அந்த மழையே மண்ணில் தேங்கிய உப்பையும் கீழே கழுவிக் கொண்டுபோய்விடும்.