பிக் ஸ்டார்: கடைக்கு வந்து சேராத சரக்கு

'தட் செவன்டீஸ் ஷோ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கப் பாட்டு காதிலேயே நிற்கும். 1998-இல் முதல் பருவத்துக்கு ஒருவர் பாடினார், அடுத்த பருவத்திலிருந்து சீப் டிரிக் குழு பாடியது. இரண்டுமே மறுபதிவுகள்தாம். மூலம் 1972-இல் மெம்ஃபிஸ் நகரத்துக் குழுவான பிக் ஸ்டார் வெளியிட்ட 'இன் த ஸ்ட்ரீட்'. பாட்டைத் தெரிந்த பலருக்குக் குழுவின் பெயர்கூடத் தெரியாது.

எழுபதுகளில் இவர்கள் பதிவு செய்தவை மூன்றே ஆல்பங்கள். இன்று அவற்றை வாங்கவோ ஸ்ட்ரீமிங்கில் கேட்கவோ போகிறவர் எதில் தொடங்குவது, எந்தப் பதிப்பை எடுப்பது, எங்கே ஏமாறக்கூடும் என்பதைச் சொல்வதுதான் இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இரண்டாவது ஆல்பமான 'ரேடியோ சிட்டி'யில் தொடங்குங்கள். ரசிகர்களில் பாதிப் பேர் முதல் ஆல்பத்தைக் கொண்டாடுவார்கள், மீதிப் பேர் மூன்றாவதைத் தலையில் வைத்து ஆடுவார்கள். நடுவில் இருப்பதுதான் மூன்றிலும் தேய்மானமே இல்லாதது.

முதலில் இது ஏன் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று பார்த்துவிடுவோம். இசையில் கோளாறு இல்லை; கோளாறு முழுக்க விநியோகத்தில். ஆர்டென்ட் ஸ்டூடியோவை நடத்திவந்த ஜான் ஃப்ரை 'நம்பர் 1 ரெக்கார்ட்' ஆல்பத்தை 1972-இல் தன் சொந்த லேபிளில் வெளியிட்டார். தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் வேலை ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டாக்ஸ் சோல் இசையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம். கிடார் பாப் குழுவை விற்றுப் பழக்கமில்லை. பத்திரிகைகளில் புகழ்ந்து எழுதினார்கள், வாசித்தவர்கள் கடைக்குப் போனார்கள், தட்டு இல்லை. பிறகு ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கொலம்பியாவுக்குப் பழைய சிறு விநியோகஸ்தர்கள் தேவைப்படவில்லை. ஏற்கெனவே கடையில் கிடந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் திரும்பப் போயின. முதல் ஆல்பம் பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

1974-இல் 'ரேடியோ சிட்டி' வந்தபோது நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த கொலம்பியா தலைவர் கிளைவ் டேவிஸ் 1973-லேயே கொலம்பியாவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். இரண்டு நிறுவனங்களும் முட்டிக்கொண்டதில் தட்டு கடைக்குச் சரியாகப் போகவில்லை. சுமார் 20,000 பிரதிகளோடு நின்றுபோனது. 1975 இறுதியில் ஸ்டாக்ஸே திவாலானது. 1974-இல் பதிவான மூன்றாவது ஆல்பம் 1978 வரை வெளியாகவே இல்லை. 'காலத்தை முந்திய இசை' என்று இந்தக் குழுவைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். மூன்றாவது ஆல்பத்துக்கு அது பொருந்தும். முதல் இரண்டுக்கும் துளியும் பொருந்தாது. 1972-இல் எந்த வானொலியிலும் ஓடியிருக்கக்கூடிய பாட்டுகள் அவை.

'நம்பர் 1 ரெக்கார்ட்' நால்வர் குழு செய்தது. அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல் இருவரும் பாட்டும் கிடாரும், ஆண்டி ஹம்மல் பாஸ், ஜோடி ஸ்டீஃபன்ஸ் டிரம்ஸ். சில்டன் புதுமுகம் இல்லை. பாக்ஸ் டாப்ஸ் குழுவின் பாடகராக 1967-இல் 'த லெட்டர்' பாட்டை அமெரிக்காவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர், அப்போது வயது 16. அந்தக் கரகரத்த குரலைத் தேடி இங்கே வந்தால் கிடைக்காது; இந்த ஆல்பத்தில் மெலிந்த, உயர்ந்த குரலில் பாடுகிறார். ஆல்பத்தின் ஒலியைச் செதுக்கியதில் பெரும்பங்கு பெல்லுடையது. கிடார் மேல் கிடார், அதன்மேல் மூன்று அடுக்கு ஹார்மனி, எல்லாம் கண்ணாடி துடைத்தாற்போல. 'ஃபீல்' பாட்டில் அவர் தொண்டை கிழியக் கத்தும் இடத்தில் பித்தளைக் கருவிகள் வந்து சேர்வதைக் கவனியுங்கள். ஊர் மெம்ஃபிஸ் என்பது அந்த ஓர் இடத்தில்தான் தெரிகிறது; மற்றபடி லண்டனில் பதிவானதாகவே நினைக்கத் தோன்றும்.

'தர்ட்டீன்' இரண்டரை நிமிடப் பாட்டு. அக்கூஸ்டிக் கிடாரும் குரல்களும், டிரம்ஸ் கிடையாது. பதின்மூன்று வயதுப் பையனின் வெட்கத்தை, பெரியவன் திரும்பிப் பார்த்து உருகும் தொனி கொஞ்சமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். 'த பேலட் ஆஃப் எல் கூடோ' வியட்நாம் போருக்கு ஆள்பிடித்த காலத்தின் பாட்டு. கோரஸ் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் டிரம்ஸ் உருளல் வேறு மாதிரி வரும். இந்த இரண்டுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம். பலவீனமும் உண்டு. 'த இந்தியா சாங்' ஹம்மல் எழுதியது: இந்தியாவுக்குப் போய்ப் பெரிய வெள்ளை வீட்டில் உட்கார்ந்து ஜின் குடிக்கும் கனவு. கிண்டலாகவே எழுதியிருந்தாலும் நமக்குச் சிரிப்பு வருவது வேறு காரணத்துக்கு. இரண்டாம் பக்கத்தின் நடுவில் மெதுவான பாட்டுகள் ஒன்றின்பின் ஒன்றாக வருவதால் வேகம் இறங்கிவிடுகிறது. தொடர்ந்து கேட்பவர்கள் 'கிவ் மீ அனதர் சான்ஸ்' அருகில்தான் கவனம் சிதறுவார்கள்.

ஆல்பம் விற்காததில் மனமுடைந்து பெல் 1972 இறுதியில் விலகினார். குழு ஏறத்தாழக் கலைந்துவிட்டது. 1973 மே மாதம் ஆர்டென்ட் தரப்பு ராக் இசை எழுத்தாளர்களை மெம்ஃபிஸுக்கு வரவழைத்து மாநாடு ஒன்றை நடத்தியது. மீதியிருந்த மூவரும் அதில் வாசித்தார்கள். விமர்சகர்களே எழுந்து ஆடியதைப் பார்த்துத்தான் அடுத்த ஆல்பத்துக்கு மனம் வந்தது.

அப்படிப் பிறந்த 'ரேடியோ சிட்டி'யில் இரண்டாவது கிடார் கலைஞர் இல்லை. இந்த ஆல்பத்தின் குணம் முழுவதும் அந்த ஒரு குறையிலிருந்து வருகிறது. தாளம் பிடிக்கும் ரிதமும் மெட்டை வாசிக்கும் லீடும் சில்டன் ஒருவரே வாசிக்க வேண்டும். ரிதம் கிடாரை அடித்துக்கொண்டிருக்கும்போதே இடையில் ஒரு கீற்று லீடை இழுத்துவிட்டுத் திரும்ப வருவார். அவர் விடும் இடைவெளியை ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் நிரப்பும். முதல் பாட்டு 'ஓ மை சோல்' ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நின்று, தடுக்கி, மறுபடி எடுக்கும் அந்தப் பாட்டு முதல்முறை கேட்கும்போது பிழையாகப் பதிவானது போலத் தோன்றும். மூன்றாம் முறைதான் மூவரும் எங்கே சேர்கிறார்கள் என்பது பிடிபடும். அதைத் தாண்ட முடியாதவர்கள் 'பேக் ஆஃப் எ கார்', 'செப்டம்பர் கர்ல்ஸ்' இரண்டையும் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம். பின்னது மூன்று நிமிடம்கூட இல்லை. பன்னிரண்டு தந்தி கிடார்போல மினுங்கும் தொடக்கம், சொல்லில் ஏக்கம், மெட்டில் கொண்டாட்டம். 1986-இல் பேங்கிள்ஸ் குழு இதை மறுபதிவு செய்தது. அதில் எல்லாம் நேராக இருக்கும், மூலத்தில் இருக்கும் தள்ளாட்டம் இருக்காது.

'டெய்ஸி கிளேஸ்' முதல் பாதி தூங்கி வழியும். நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு வேகம் பிய்த்துக்கொண்டு போகும். செயலியில் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியும் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளும் அணைந்திருக்கட்டும். கடைசிப் பாட்டு 'ஐ'ம் இன் லவ் வித் எ கேர்ள்' இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, ஒரு கிடார் ஒரு குரல் மட்டும். அது முடிந்த கணத்தில் ஆட்டோபிளே வேறு யாரையோ இழுத்துவந்து போடும், அதையும் அணைத்துவிடுங்கள்.

ஒலிப்பதிவு ஜான் ஃப்ரை. மேல்சுரங்கள் நன்கு வெளிச்சமாக இருக்கும்படி பதிவு செய்பவர் அவர். நல்ல ஸ்பீக்கரில் சிம்பல் ஒலி காற்றில் கலையும். மலிவான இயர்பட்ஸில் அதே சிம்பல் காதைக் குத்தும். பாஸை ஏற்றுவது இதற்குத் தீர்வல்ல, ஹம்மலின் வாசிப்பு குழம்பிவிடும். ட்ரெபிளை இரண்டு டெசிபல் இறக்கினால் போதும்.

பதிப்பு விஷயத்தில் முதல் இரண்டு ஆல்பங்களில் பெரிய குழப்பமில்லை. 1992-இல் இரண்டையும் சேர்த்து ஒரே சிடியாகப் போட்டார்கள். 24 பாட்டு, ஏறத்தாழ 73 நிமிடம், அந்தக் காலச் சிடியின் கொள்ளளவுக்கு விளிம்பில் நிற்கும் நீளம். பழைய சிடி விற்கும் இடங்களில் கிடைத்தால் காசுக்கு இதைவிட மலிவான வழியில்லை. ஆனால் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். பன்னிரண்டாம் பாட்டோடு நிறுத்தி இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் நால்வர் குழுவின் மெருகு காதில் இருக்கும்போதே மூவர் குழுவின் கரடுமுரடு வந்து மோதும், பின்னது அரைகுறை வேலையாகத் தெரியும். 'ரேடியோ சிட்டி' பலருக்கு முதலில் பிடிக்காமல் போவதற்கு இந்தச் சிடியும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. 2009 மறுபதிப்பில் சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டுக்கான வடிவங்கள் இரண்டு கூடுதலாக உண்டு. 'ஓ மை சோல்' வெட்டிச் சுருக்கப்பட்டிருப்பதைக் கேட்டால் முழு நீளத்தின் அருமை புரியும், வேறு பயனில்லை.

வினைல் வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இரண்டு ஆல்பங்களும் பக்கத்துக்கு ஏறக்குறைய 18 நிமிடம்தான். பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை, புதிய அச்சுகளும் தாராளமாக ஒலிக்கும். 'ரேடியோ சிட்டி' அட்டைக்காகவே பெரிய தட்டு வாங்குவதிலும் நியாயம் உண்டு. சில்டன் குடும்பத்துக்கு நண்பரான புகைப்படக் கலைஞர் வில்லியம் எகல்ஸ்டன் மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் எடுத்த படம்: ரத்தச் சிவப்புக் கூரை, நடுவில் ஒரு பல்பு, அதிலிருந்து பிரியும் வெள்ளை ஒயர்கள். வண்ணப் புகைப்படக் கலையில் பாடமாக நடத்தப்படும் படம் கைப்பேசித் திரையில் வெறும் சிவப்புச் சதுரமாகத் தெரிகிறது.

மூன்றாவது ஆல்பத்தில்தான் வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும். இதற்கு நிலையான பெயரே இல்லை; 'தேர்ட்' என்றும் 'சிஸ்டர் லவர்ஸ்' என்றும் இரண்டையும் சேர்த்தும் அச்சிட்டிருக்கிறார்கள். பாட்டு வரிசைக்கும் கலைஞர்களின் ஒப்புதல் கிடையாது. ஹம்மல் படிப்பை முடிக்கப் போய்விட்டார். சில்டன், ஸ்டீஃபன்ஸ், தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சன், வந்துபோன கலைஞர்கள் என்று 1974-இல் பதிவு செய்து அப்படியே விட்ட சரக்கு இது. 1978-இன் எல்பி 14 பாட்டுகளோடு 'ஸ்ட்ரோக் இட் நோயல்' என்ற வயலின் பாட்டில் தொடங்குகிறது. 1992-இல் ரைகோடிஸ்க் நிறுவனம் வெளியிட்ட சிடி 'கிஸ்ஸா மீ'யில் தொடங்கி 19 பாட்டுகள் ஓடுகிறது. இரண்டும் இரு வேறு ஆல்பங்களாகவே கேட்கும். ரைகோடிஸ்க் வரிசையில் 14-ஆவது பாட்டான 'டேக் கேர்' வந்ததும் நிறுத்திவிடுவது நல்லது. அதன்பின் வரும் ஐந்தும் மிச்சங்கள். 'டவுன்ஸ்' பாட்டில் டிரம்ஸுக்குப் பதிலாகக் கூடைப்பந்தை அடித்திருக்கிறார்கள், ஒருமுறை கேட்டுவிட்டு விடலாம்.

இதன் உச்சம் 'கங்காரூ'. சில்டன் பன்னிரண்டு தந்தி கிடாரையும் குரலையும் ஒரே டிராக்கில் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, தயாரிப்பாளரென்றால் இதைத் தயாரித்துக் காட்டு என்று டிக்கின்சனிடம் சவாலாகக் கொடுத்தார். குரலைத் தனியே ஏற்ற முடியாது, கிடாரைத் தனியே இறக்க முடியாது. டிக்கின்சன் அதைச் சுற்றிலும் கிடார் ஊளையிடும் ஃபீட்பேக்கும் வயலின் போன்ற தந்திக் கருவிகளும் கண்டபடி விழும் டிரம்ஸும் அடுக்கினார். மெலிதான ஸ்பீக்கரில் இது வெறும் இரைச்சல். ஹெட்ஃபோனில் கேட்டால் நடுவில் அந்தக் குரல் அசையாமல் உட்கார்ந்திருப்பது தெரியும். 'ஹோலோகாஸ்ட்' அதைவிட இருண்டது. மனம் சரியில்லாத நாளில் போடாதீர்கள். 2016-இல் வந்த 'கம்ப்ளீட் தேர்ட்' மூன்று சிடி, 69 டிராக். முதல் சிடியில் உள்ள ஒற்றைக் கிடார் மாதிரிப் பதிவுகள் முடிந்த ஆல்பத்தைவிடச் சுகமாகக் கேட்கின்றன. மற்ற இரண்டும் ஒரே பாட்டின் வெவ்வேறு மிக்ஸ்களை ஒப்பிடப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

இவற்றோடு நின்றுவிடாமல் கிறிஸ் பெல்லின் 'ஐ ஆம் த காஸ்மாஸ்' கட்டாயம் வேண்டும். 1978-இல் ஒரு சிங்கிள் மட்டும் வந்தது. அந்த டிசம்பரிலேயே கார் விபத்தில் இறந்தார், வயது 27. முழு ஆல்பம் 1992-இல்தான் வெளியானது. சிங்கிளின் பின்பக்கமான 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்' பாட்டில் சில்டன் வந்து ஹார்மனி பாடியிருக்கிறார். பிரிந்த இருவரும் மறுபடி சேர்ந்து ஒலிக்கும் இந்தப் பாட்டு எந்த பிக் ஸ்டார் ஆல்பத்திலும் இல்லாததால், பலர் தவறவிடுகிறார்கள்.

மீண்டும் கூடிய குழு 2005-இல் வெளியிட்ட 'இன் ஸ்பேஸ்' தேவையில்லை. குழுவின் பதிவுகளைத் தொகுத்த 2009-இன் நான்கு சிடி பெட்டியை, 'ரேடியோ சிட்டி' மனப்பாடம் ஆன பிறகு வாங்கலாம். அதன் நான்காவது சிடி 1973 ஜனவரியில் மெம்ஃபிஸ் லஃபாயெட்ஸ் மியூசிக் ரூமில் மூவர் குழுவாக வாசித்த கச்சேரி. கூட்டம் வந்தது ஆர்ச்சி பெல் அண்ட் த டிரெல்ஸ் குழுவுக்காக. இவர்கள் அதற்குமுன் ஒப்பேற்ற வந்தவர்கள். பாட்டு முடிந்தால் நாலைந்து கைதட்டல், கண்ணாடிக் குவளைச் சத்தம். ஒலித்தரம் சுமார்தான், பாஸ் மெலிவு. ஒரே கிடாரை வைத்துக்கொண்டு முதல் ஆல்பத்தின் அடுக்குகளை சில்டன் எப்படிச் சமாளிக்கிறார் என்று கிடார் வாசிப்பவர்கள் பார்க்க வேண்டும். அந்தக் கச்சேரி 2018 முதல் தனி ஆல்பமாகவும் கிடைப்பதால் அதற்காக மட்டும் பெட்டியை வாங்க வேண்டியதில்லை.