2 லீற்றரும் 20 லீற்றரும் ஓடும் ஒரே வீதி: எந்தக் கழிவுநீர்க் குழாய் பொருந்தும்?

யாழ்ப்பாண நகரில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு கிடையாது. மலசலகூடக் குழிகளை நம்பியே வாழ்கிறோம். நிலத்துக்கு அடியில் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், அதற்குள்தான் நம் கிணற்று நீரும் இருக்கிறது. ஆகவே குழாய் வந்தே தீரவேண்டும். ஆனால் நல்லூர்ப் பக்கம் போடும் குழாய் கந்தசுவாமி கோவில் திருவிழாவின் 25 நாட்களையும் தாங்க வேண்டும், ஆண்டின் மற்ற நாட்களில் அடைபடாமலும் ஓட வேண்டும். கணக்குக்காக, ஒரு கிலோமீற்றர் குழாயில் வழமையாகச் செக்கனுக்கு 2 லீற்றரும் திருவிழா உச்சத்தில் 20 லீற்றரும் வருவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் தெரிவு 300 மில்லிமீற்றர்க் குழாய், 500க்கு 1 சாய்வு, அதாவது 500 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கம். திருவிழாவில் பாதியளவு நிரம்பி, செக்கனுக்கு 0.6 மீற்றர் வேகத்தில் ஓடும். படிவுகளை அடித்துச் செல்ல வேண்டிய வேகமும் அதுதான். வழமையான நாளிலோ நீர் 44 மில்லிமீற்றர் ஆழத்தில் தவழும், வேகம் 0.31 மீற்றருக்கு இறங்கும். கழிவு தங்கிப் புளிக்கும். நம் வெப்பத்தில் அதிலிருந்து ஐதரசன் சல்பைட்டு வாயு கிளம்பி, குழாயின் மேற்புறத்தில் அமிலமாகிக் கொங்கிறீற்றை அரிக்கும்.

“அப்படியானால் சிறிய குழாய் போடலாமே” என்பார்கள். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதே சாய்வில் 150 மில்லிமீற்றர்க் குழாயைப் போட்டாலும் 2 லீற்றரின் வேகம் 0.33 மீற்றர்தான். விட்டத்தைப் பாதியாக்கியும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. முழுதாக நிரம்பினாலும் அது 7 லீற்றருக்கு மேல் கொள்ளாது. திருவிழாவில் மேன்ஹோல் வழியாக வீதிக்கு வரும். குறைந்த ஓட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது விட்டத்தைவிடச் சாய்வே. 200க்கு 1 ஆகச் சரித்தால் 0.46 மீற்றர் கிடைக்கும். அதற்குக் கிலோமீற்றருக்கு 2 மீற்றர் அல்ல, 5 மீற்றர் இறங்க வேண்டும். மேசைபோல் தட்டையான குடாநாட்டில், கல்லை உடைத்து நிலத்தடி நீருக்குள் குழாயை இறக்குவது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மாரியில் மூட்டுகளின் வழியே நிலத்தடி நீர் உள்ளே புகும். கோடையில் கழிவு வெளியே கசிந்து கிணறுகளைச் சேரும்.

குறைந்த நீரும் வேகமாக ஓடும்படி அடி குறுகிய முட்டை வடிவக் குழாயும் உண்டு; அது பெருநகரங்களின் பெரிய வாய்க்கால்களுக்கு அருமையானது. இந்த அளவுக்குத் தேவையில்லை.

என் மனம் சாய்வது சேகரிப்புத் தொட்டிக்கும் பம்பிக்கும். ஒழுங்கைகளின் கழிவு குறுகிய தூரம் சரிவில் வந்து தொட்டியில் விழும். அங்கிருந்து அழுத்தக் குழாய். இதில் வேகத்தை நிர்ணயிப்பது வரும் நீர் அல்ல, பம்பி. 100 மில்லிமீற்றர்க் குழாயில் 6 லீற்றர் தள்ளினால் 0.76 மீற்றர் வேகம். 2 லீற்றர் வரும்போது பம்பி மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடும். அருகிலேயே 150 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்று திருவிழாவுக்கென்று, 14 லீற்றருக்கு. இரண்டும் சேர்ந்தால் 20 லீற்றர்.

இரண்டுக்கும் பதிலாக 200 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்றே போதாதா? 20 லீற்றரை அது எளிதாகக் கொண்டுபோகும். ஆனால் ஒரு கிலோமீற்றரில் 31 கனமீற்றர் கொள்ளும். 2 லீற்றர் வரும் நாளில் கழிவு அதற்குள் 4 மணி நேரத்துக்கு மேல் ஊறும். 100 மில்லிமீற்றரில் ஒரு மணி நேரம் சொச்சம். அதற்காகவே இரட்டைக் குழாய்ச் செலவை ஏற்கலாம் என்கிறேன். திருவிழா முடிந்ததும் பெரிய குழாயைச் சுத்தமான நீரால் கழுவி, நீர் நிரப்பியே மூடிவைக்க வேண்டும். கழிவோடு விட்டால் அடுத்த ஆண்டு திறக்கும்போது நாற்றம் ஊரையே கூட்டும். மின்பிறப்பாக்கியும் கட்டாயம், மின்சாரம் நின்று தொட்டி நிரம்பினால் கழிவு கிணறுகளுக்கே போகும்.

வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் ஒழுங்கைகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு வளவிலும் கசியாத தொட்டி கட்டி, திண்மக் கழிவை அங்கேயே தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் 100 மில்லிமீற்றர்க் குழாயில் விடுவது. அடித்துச் செல்ல எதுவும் இல்லாததால் 0.6 மீற்றர் வேகம் வேண்டியதில்லை. சாய்வு குறையும், ஆழமும் குறையும். நீர்வரத்தின் ஏற்ற இறக்கத்தையும் தொட்டிகளே தணிக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவுசர் (தாங்கி வண்டி) வந்து தொட்டியை இறைக்காவிட்டால் திண்மம் குழாய்க்குள் போய்விடும். அந்தப் பொறுப்பை வீட்டுக்காரரிடம் விடாமல் உள்ளூராட்சி சபையே அட்டவணை போட்டுச் செய்வதானால், நல்லூரைத் தாண்டிய பகுதிகளுக்கு இதையே முதலில் தெரிவுசெய்வேன்.